கறுக்காத ஆயில்

வடக்கேமுறியில் குடும்பத்துப் பைலி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி செத்துப் போயிருந்தார்.

காருக்கு அந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வாகமண் போகும் மலைச்சாலை. ஒரு மேட்டைத் தாண்டிச் சரிந்து இறங்கும் வளைவு. வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. கிரீம் நிற டீசல் அம்பாசிடர் பாறையில் மூக்கை வைத்துக்கொண்டு, எதையோ யோசிப்பது போல நின்றிருந்தது. போனது ஒரு ஹெட்லைட், ஒரு உயிர்.

பைலியின் நெற்றியில் இரண்டு அங்குல வெட்டு.

ரத்தம்தான் இல்லை...

அதை யாரும் கவனிக்கவில்லை. கூட்டம் முழுக்கப் பைலியின் தம்பி ஈப்பச்சனைக் கவனித்துக்கொண்டிருந்தது. கவனிக்கப்படுவது ஈப்பச்சனின் முழுநேரத் தொழில். ரப்பர் தோட்டமெல்லாம் ஓய்வு நேரத்தில்தான்.

மலையோர டீசல் கார் பிரியர் சங்கத்தின் நிறுவனத் தலைவர் அவர். டீசல் இன்ஜின் பராமரிப்பு பற்றி மேடையில் ஒன்றரை மணி நேரம் பேசுவார். பானெட்டைத் திறக்க மட்டும் டிரைவர் வேண்டும்.

"என் அண்ணன் நோன்பு வெள்ளிக்கிழமைன்னு குரிசுமலைக்குச் சிலுவை தொழப் புறப்பட்டார் சாரே... அம்பது நாள் நோன்புல ஒரு மீன் முள்ளைக்கூடத் தொடாத மனுஷன்..."

சப் இன்ஸ்பெக்டர் சுகதன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். போன மாதம்தான் சங்கத்தின் ஆண்டு விழாவில் பிஸ்டன் வடிவக் கேடயம் வாங்கியிருந்தார். அந்த நன்றி இன்னும் சூடு ஆறவில்லை.

ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது.

இறங்கியவள் ஏலியாம்மா. நாற்பத்தாறு வயது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருபது வருடமாக டீசல் ஒர்க்‌ஷாப். அந்த மலையில் பெரிய வீட்டுக் கிறிஸ்தவரை 'அச்சாயன்' என்பார்கள், மெக்கானிக்கை 'ஆசான்' என்பார்கள். பொம்பளைக்கென்று தனியாக ஒரு பட்டம் தேட யாருக்கும் நேரம் கிடைக்காததால் அவளும் ஆசான்தான். கான்ஸ்டபிள் ரம்லத் போன் பண்ணி வரச் சொல்லியிருந்தாள்.

ஈப்பச்சன் விரலை நீட்டினார்.

"இதோ வந்துட்டா. என் அண்ணனைக் கொன்னவ."

கூட்டம் ஒரு அடி பின்வாங்கி வழிவிட்டது.

"அச்சாயா, விரலை மடக்குங்க. நகத்துல அழுக்கு பட்டுடப் போகுது" என்றாள் ஏலியாம்மா. "என்ன நடந்துச்சு சாரே?"

சுகதன் பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஈப்பச்சனின் டிரைவர் அவறான் ஓடி வந்து திறந்தான்.

"நேத்து இந்த வண்டியைத் தொட்டது யாரு?"

"நான்தான். வீட்டு ஷெட்டுல வெச்சே செஞ்சேன். மூணு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும். பழைய ஆயிலை எறக்கிட்டுப் புது ஆயில் ஊத்தினேன். டீசல் ஃபில்டர் மாத்தினேன்."

"அப்ப இது என்ன?"

ஃபில்டரின் தலையில் ஒரு சின்னத் திருகு. சுகதன் விரலால் தொட்டதும் ஆடியது. விரல் நுனியில் டீசல்.

கூட்டம் 'ஓ' என்றது.

"அது காத்துத் திருகு" என்றாள் ஏலியாம்மா. "ஃபில்டரைக் கழட்டினா பைப்புல காத்து புகுந்துக்கும். காத்து இருந்தா டீசல் வண்டி எடுக்காது. அந்தத் திருகைத் தளர்த்தி, பம்ப்பைக் கையால அடிச்சு, நுரையெல்லாம் போனப்புறம் முறுக்கணும். அதுக்கடியில இருந்த செப்பு வாஷர் வெடிச்சுப் போச்சு. கடை சாத்தியாச்சு. காலையில பத்து மணிக்கு வாஷரோட வந்து காத்து எறக்கித் தரேன், அதுவரைக்கும் சாவியைத் தொடாதீங்கன்னு பைலிச்சாயன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."

"யார் சாட்சி?"

"பைலிச்சாயன்."

எல்லோரும் சாட்சியைப் பார்த்தார்கள். சாட்சி பேசும் நிலையில் இல்லை.

"கேட்டீங்களா சாரே?" ஈப்பச்சன் குரல் மேடைக்குப் போய்விட்டது. "திருகை முறுக்காம விட்டுட்டேன்னு அவளே சொல்றா. இறக்கத்துல காத்து புகுந்து இன்ஜின் நின்னிருக்கு. இன்ஜின் நின்னா பிரேக்கு கட்டை மாதிரி ஆயிடும். பாறையில போய் இடிச்சிருக்கு. இது விபத்து இல்ல சாரே, அலட்சியம். ஆனா ஒண்ணு... ஆயிலைப் பாருங்க. எங்க குடும்பம் வண்டியை எப்படி வெச்சிருந்ததுன்னு ஊரே பாக்கட்டும்."

அவறான் ஆயில் அளவுக் கம்பியை உருவி நீட்டினான்.

காலை வெயிலில் கம்பியின் நுனி மின்னியது. மலைத்தேன் மாதிரி. தெளிவாக... பொன்னிறமாக...

"எவ்வளவு சுத்தம்" என்றார் சுகதன் பக்தியோடு.

ஏலியாம்மா அந்தக் கம்பியைப் பார்த்தாள்.

இரண்டு வினாடி.

வாயைத் திறந்தாள். ஈப்பச்சனைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். இங்கே சொன்னால் இந்த மனுஷன் பேச்சை மாற்றிவிடுவார்.

"சாரே, ஒரே ஒரு விஷயம். இந்த பானெட்டுக்கு இப்பவே சீல் வையுங்க."

"உனக்கு எதிரான ஆதாரத்துக்கு நீயே சீல் வைக்கச் சொல்றியா?" ஈப்பச்சன் சிரித்தார்.

"ஆமா அச்சாயா. எனக்கு அவ்வளவு நல்ல மனசு."

* * *

பதினோரு மணிக்கெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் எதிரே ஃப்ளெக்ஸ் பேனர் ஏறிவிட்டது.

'குரிசுமலைப் புனிதப் பயணத்தில் கர்த்தரில் நித்திரையடைந்த நோன்பு வீரர் பைலி அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.'

பைலியின் படம் சிறியது. அஞ்சலி செலுத்தும் ஈப்பச்சனின் படம் பெரியது.

உள்ளே ரம்லத் ஒரு காகிதத்தை ஏலியாம்மா முன்னால் வைத்தாள். வைக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

"சேச்சி... படிச்சுட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னாரு எஸ்.ஐ. திருகை முறுக்க மறந்துட்டேன்னு இருக்கு."

"போட்டா?"

"இன்னிக்கே கைது. கடைக்கு சீல். ஜாமீன் கிடைச்சுடும். ஆனா..."

"ஆனா அதுக்கப்புறம் எவனும் என்கிட்ட வண்டி விடமாட்டான்."

ரம்லத் பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

ஈப்பச்சன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தேனில் தோய்த்துக்கொண்டார்.

"எடி ஏலியாம்மே, நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. நீ பொம்பள. கை தவறிடும். ஒத்துக்கிட்டேன்னு வை, எங்க குடும்பம் உன்னை மன்னிச்சுடும். ஞாயித்துக்கிழமை பூசையில உன் பேரையும் சேர்த்து ஜெபிக்கச் சொல்றேன்."

"எனக்காகவா?"

"உனக்காக."

"அச்சாயா, இருபது வருஷத்துல இந்த மலையில எத்தனை வண்டிக்குக் காத்து எறக்கியிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒருத்தன் செத்ததில்ல. உங்க ஜெபத்தை நீங்களே வெச்சுக்குங்க. தேவைப்படும்."

"திமிரு."

"அதுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது."

சுகதன் மேஜையைத் தட்டினார்.

"ஏலியாம்மா, கையெழுத்துப் போடுங்க. உடம்பு மெடிக்கல் காலேஜ் போயிருக்கு. ரிப்போர்ட் வந்ததும் கேஸை முடிக்கணும். எனக்கு வேற வேலை இருக்கு."

"புனிதப் பயணத்துல போன உடம்பைக் கீறவே வேண்டாம்னு நான் சொன்னேன்" என்றார் ஈப்பச்சன் வருத்தமாக. "யார் கேக்கறாங்க?"

"போடறேன் சாரே" என்றாள் ஏலியாம்மா. "ஆனா முதல்ல அச்சாயன் வாக்குமூலத்தை எழுதிக்குங்க. அவர்தானே கடைசியா வண்டியைப் பார்த்தது? முறைப்படி செய்யுங்க. நாளைக்குக் கோர்ட்ல வக்கீல் உங்களைக் கேள்வி கேக்கக் கூடாது பாருங்க."

சுகதனுக்குக் கோர்ட் என்றாலே ஆகாது. ரம்லத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஈப்பச்சனுக்கு மறுப்பேது? பேசச் சொன்னால் மறுத்ததாகச் சரித்திரமே இல்லை.

"எழுதும்மா... மலையோர டீசல் கார் பிரியர் சங்கத்தின் நிறுவனத் தலைவரும், ரப்பர் உற்பத்தியாளர்..."

"பேரு போதும் சார்" என்றாள் ரம்லத்.

"அஞ்சு மணிக்கு அண்ணன் காரை ஸ்டார்ட் பண்ணினார்."

"சத்தம் கேட்டுச்சா அச்சாயா?" என்றாள் ஏலியாம்மா அப்பாவியாக.

"கேட்டுச்சாவா? அந்த இன்ஜின் சத்தத்தைத் தூக்கத்துல கேட்டாலும் நான் சொல்லிடுவேன். ஒரே அடியில எடுத்துச்சு. கடகடன்னு, ஜெபமாலை உருட்டற மாதிரி."

"உடனே கிளம்பிட்டாரா?"

"டீசல் இன்ஜினை உடனே கிளப்பக் கூடாதும்மா. நான் எல்லாக் கூட்டத்துலயும் சொல்றது அதுதான். பத்து நிமிஷம் சூடு பண்ணணும். அண்ணன் சரியா பத்து நிமிஷம் ஓடவிட்டார். நான் வாட்ச்சைப் பார்த்தேன்."

"வீட்டுலேருந்து அந்த வளைவு எத்தனை கிலோமீட்டர்?"

"பதினாலு."

"பத்து நிமிஷம் நின்ன இடத்துல. அப்புறம் பதினாலு கிலோமீட்டர் மலையேத்தம். ஓட்டிக்கிட்டுத்தான் போனார், இல்லையா?"

"பின்ன என்ன, தலையிலயா தூக்கிக்கிட்டுப் போனார்? எழுதும்மா. எல்லாத்தையும் எழுது."

ரம்லத் எல்லாவற்றையும் எழுதினாள். ஈப்பச்சன் படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி, மூன்று அங்குல நீளத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

மை காய்ந்தது.

ஏலியாம்மா எழுந்து நின்றாள். தன் முன்னால் இருந்த காகிதத்தை எடுத்து, நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்கு அடியில் செருகினாள்.

மேஜை ஆடுவது நின்றது.

"இப்ப நான் பேசலாமா சாரே?"

* * *

"ஸ்டேஷன் ஜீப்புக்கு ஆயில் மாத்தி எத்தனை நாளாச்சு?"

சுகதன் விழித்தார். ஜீப் டிரைவர் மோட்டுவளையைப் பார்த்தான்.

"போன எஸ்.ஐ. இருந்தப்போ..." என்றான். யோசித்தான். "இல்ல, அதுக்கு முந்தின எஸ்.ஐ."

"என் செலவுல மாத்தித் தரேன். அரை மணி நேரம் கொடுங்க. அதுக்கப்புறமும் என்னைக் கைது பண்ணணும்னு தோணினா, அந்த ஜீப்புலயே கூட்டிக்கிட்டுப் போங்க."

"இது போலீஸ் ஸ்டேஷன். ஒர்க்‌ஷாப் இல்ல" என்றார் ஈப்பச்சன்.

ஆனால் 'என் செலவுல' என்ற சொல் சுகதனின் காதில் ஏற்கெனவே இறங்கிவிட்டது. அரசாங்கத்தில் ஆயிலுக்கு எழுதிப் போட்டால் ஆயில் வருவதற்குள் எஸ்.ஐ.யே மாறிவிடுவார்.

"அரை மணி நேரம்தான்."

ஸ்டேஷன் முற்றத்தில் ஜீப். பக்கத்திலேயே, ரெக்கவரி வண்டி இழுத்து வந்து போட்ட அம்பாசிடர், பானெட்டில் அரக்கு முத்திரையோடு. ஃப்ளெக்ஸ் பார்க்க வந்த கூட்டம் அப்படியே இங்கே திரும்பியது. டீசல் கார் பிரியர்கள் ஏழெட்டுப் பேர் வெள்ளை வேட்டியோடு முன்வரிசை பிடித்தார்கள்.

ஏலியாம்மா ஜீப்பின் அடியில் நுழைந்தாள். கீழ்த்திருகைக் கழற்றினாள். தாரும் வெட்கப்படும் ஒரு திரவம் சட்டியில் இறங்கியது. சொட்டுவது நிற்கும்வரை விட்டாள். ஆயில் ஃபில்டரை மாற்றினாள். புது ஆயில் டின்னை உடைத்து ஊற்றினாள்.

"சாரே, உங்க கைக்குட்டையைக் கொடுங்க."

"வெள்ளைக் கைக்குட்டை..."

"அதான் வேணும்."

அளவுக் கம்பியை உருவி, கைக்குட்டையில் துடைத்து, கூட்டத்துக்குக் காட்டினாள். தேன் நிறக் கறை.

"எல்லாரும் பார்த்தாச்சா? டிரைவர் சேட்டா, ஸ்டார்ட் பண்ணுங்க. பத்து நிமிஷம். அச்சாயன் சொல்லிக் கொடுத்த மாதிரியே."

ஜீப் உறுமியது.

ஒரு நிமிடம்... மூன்று நிமிடம்... ஏழு நிமிடம்...

ஈப்பச்சன் கடிகாரத்தைப் பார்த்தார். முதல்முறையாக யாரும் அவரைப் பார்க்கவில்லை.

பத்து நிமிடம்.

"நிறுத்துங்க."

ஆயில் கீழே இறங்கும்வரை காத்திருந்தாள். கம்பியை உருவினாள். கைக்குட்டையின் மறுமூலையில் துடைத்தாள்.

விரித்துப் பிடித்தாள்.

கறுப்பு.

சும்மா கறுப்பு இல்லை. கண் மை மாதிரி... அமாவாசை மாதிரி...

முன்வரிசை எட்டி எட்டிப் பார்த்தது.

"இதுதான் சாரே டீசல் இன்ஜின்" என்றாள் ஏலியாம்மா. குரல் ஏறவில்லை. "உள்ள அவ்வளவு கரி. எவ்வளவு நல்ல ஆயில் ஊத்தினாலும் பத்து நிமிஷம் ஓடினா கறுத்துடும். பெட்ரோல் வண்டியிலதான் ஆயில் நாள்கணக்கா சுத்தமா இருக்கும். டீசல் வண்டியில ஆயில் தேன் மாதிரி இருந்தா, அதை நல்லா வெச்சிருக்காங்கன்னு அர்த்தம் இல்ல. ஆயில் ஊத்தினதுக்கப்புறம் அது ஓடவே இல்லேன்னு அர்த்தம்."

சுகதன் அம்பாசிடரைப் பார்த்தார். முத்திரையை உடைத்தார். அவரே கம்பியை உருவினார்.

தேன்.

"காலையில எவ்வளவு சுத்தம்னு சொன்னீங்களே சாரே... அந்தச் சுத்தம்தான்."

"இது... இது அரசாங்க ஜீப்பு" என்றார் ஈப்பச்சன். "எப்படி வெச்சிருக்காங்களோ. எங்க வண்டி அப்படி இல்ல. எங்க இன்ஜின்ல கரியே..."

"முப்பத்தஞ்சு வருஷத்து இன்ஜின் அச்சாயா. நேத்து நான் எறக்கின பழைய ஆயில் உங்க ஷெட்டுல ஒரு பக்கெட் இருக்கு. கொண்டு வரச் சொல்லட்டுமா? உங்க வேட்டியிலயே துடைச்சுப் பாக்கலாம்."

முன்வரிசையில் ஒரு டீசல் கார் பிரியர் தன் வேட்டியை மெல்ல மடித்துக் கட்டிக்கொண்டார்.

"இன்ஜின் ஓடவே இல்ல" என்றார் சுகதன் மெதுவாக. "அப்ப பதினாலு கிலோமீட்டர் எப்படிப் போச்சு?"

"இவங்க எஸ்டேட் ஜீப்புல கயிறு கட்டி இழுத்திருக்காங்க. சாவியைப் போட்டுப் பார்த்திருக்காங்க, எடுக்கல. காத்து இருக்கு, எப்படி எடுக்கும்? பேட்டரி செத்ததுதான் மிச்சம், வேணும்னா ஹாரனை அடிச்சுப் பாருங்க."

சுகதன் ஹாரனை அமுக்கினார்.

ஹாரன் முனகக்கூட இல்லை.

"காத்து எறக்கத் தெரிஞ்ச எவனாவது அந்த வீட்டுல இருந்திருந்தா, அழகா ஓட்டிக்கிட்டே போயிருப்பான். நானும் இப்ப ஜெயில்ல இருந்திருப்பேன். அங்க இருந்தது சங்கத் தலைவர் மட்டும்தான். அதனால தப்பிச்சேன்."

சுகதன் திரும்பினார். இப்போது அவர் கையில் தொப்பி இல்லை. தலையில் இருந்தது.

"ஒரே அடியில எடுத்துச்சுன்னு எழுதிக் கொடுத்தீங்களே. வாட்ச்சைப் பார்த்தீங்களே. எந்தச் சத்தத்தைக் கேட்டீங்க அச்சாயா?"

ஈப்பச்சன் வாயைத் திறந்தார்.

அந்த வாயிலிருந்து பேச்சு வரவில்லை... பிறந்ததிலிருந்து முதல்முறையாக.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற டிரைவர் அவறான் நைசாக நகர்ந்தான். ரம்லத்தின் கை அவன் காலரில் விழுந்தது.

"எங்க போற? எஸ்டேட் ஜீப்பை ஓட்டினது நீயா, அம்பாசிடர் ஸ்டீயரிங்கைப் பிடிச்சது நீயா?"

"நான் ஜீப்பு மட்டும்தான் சேச்சி" என்றான் அவறான். அழுதுவிட்டான். "ஸ்டீயரிங்ல முதலாளி. மேட்டு மேல கயித்தை அவிழ்த்துட்டு, பெரிய முதலாளியை முன்சீட்டுல உக்கார வெச்சு, தள்ளினோம். அப்ப அவருக்கு உயிரே இல்ல. சத்தியமா நாங்க கொல்லல."

"பின்ன யார் கொன்னது?"

ஸ்டேஷனுக்குள் போன் அலறியது.

ரம்லத் காலரை விடாமலே அவனையும் இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். எடுத்தாள். கேட்டாள். வெளியே வந்தபோது அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகம்.

"சாரே... மெடிக்கல் காலேஜ். நெத்தியில இருக்கிற வெட்டு, செத்து ஏழெட்டு மணி நேரம் கழிச்சுப் பட்டதாம். கொலை இல்லையாம். தொண்டையில ஒரு எலும்பு குறுக்கா மாட்டியிருக்கு."

"என்ன எலும்பு?"

"தாராவு."

கூட்டத்துக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அம்பது நாள் நோன்பு... வெள்ளிக்கிழமைக்கு முந்தின ராத்திரி... நோன்பு வீரரின் தொண்டையில் வாத்துக் கறி!

எல்லோரும் ஒரே நேரத்தில் ஃப்ளெக்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் இருக்கு" என்றாள் ரம்லத். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "எலும்பு மாட்டினதுக்கப்புறம் முக்கால் மணி நேரமாவது உயிரோட இருந்திருப்பாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா பிழைச்சிருப்பாராம்."

பைலியின் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எட்டு நிமிடம். அந்த முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஏலியாம்மா ஈப்பச்சனின் முன்னால் போய் நின்றாள்.

"ஏன் அச்சாயா கொண்டு போகல?"

ஈப்பச்சன் தரையைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில நம்ம சர்ச் இடவகை ஆளுங்கதான் எல்லாரும்" என்றார். குரல் உடைந்திருந்தது. "நர்ஸு கேப்பா. என்ன சாப்பிட்டீங்கன்னு கேப்பா... தண்ணி குடிச்சா இறங்கிடும்னு நினைச்சேன். சோத்து உருண்டை கொடுத்தேன். வீட்டோட மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்லையா?"

"உங்க மரியாதைக்கு முதல் பலி உங்க அண்ணன். ரெண்டாவது நான்."

"உனக்கு ஜாமீன் கிடைச்சிருக்கும் ஏலியாம்மே."

"உங்களுக்குக் கிடைக்குதான்னு பாப்போம்."

சுகதன் கைகாட்டினார். ரம்லத் விலங்கை எடுத்தாள். டீசல் கார் பிரியர்கள் ஒவ்வொருவராகப் பின்வரிசைக்குப் போய், பின்வரிசையிலிருந்து சாலைக்குப் போய், சாலையிலிருந்து காணாமல் போனார்கள்.

ஸ்டேஷன் படியில் ஈப்பச்சன் நின்றார். சுகதனின் காதோரம் குனிந்தார். கெஞ்சினார்.

"சாரே, கேஸ் போடுங்க. ஜெயில்ல தள்ளுங்க. ஆனா ஒரே ஒரு உதவி... ரிப்போர்ட்ல மட்டும் தாராவுன்னு எழுதாதீங்க. மரவள்ளிக்கிழங்குன்னு எழுதிடுங்க."

'மரவள்ளிக்கிழங்கா?' என்று சத்தமாகவே கேட்டுவிட்டு, சுகதன் ஏலியாம்மாவைப் பார்த்தார்.

அவள் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே ஸ்கூட்டரில் ஏறினாள்.

"எழுதுங்க சாரே. எலும்புள்ள மரவள்ளிக்கிழங்கு எந்தத் தோட்டத்துல விளையுதுன்னு மட்டும் அச்சாயன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க... எனக்கும் நோன்புதான்."